1, 3, 44, 12: இந்த சீசனுக்கு எந்த எண் தொப்பி வாங்குவது?

என்னிடம் ஒரு நீலத் தொப்பி இருக்கிறது, முன்பக்கம் பெரிதாக 33 என்று தைத்திருக்கும். ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் ரெட் புல் அணிக்கு ஓட்டும் வெர்ஸ்டாப்பனின் எண். 2021 சீசன் பாதியில் வாங்கினேன். அந்த டிசம்பரில் அபுதாபியில் கடைசிச் சுற்றில் வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனைத் தாண்டிச் சாம்பியன் ஆனார், நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன், குதித்து முடித்த பிறகுதான் உறைத்தது: சாம்பியன் ஆனவர் அடுத்த வருடம் 1 போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொண்டார். ஆறே மாதத்தில் என் தொப்பி பழைய தொப்பி ஆகிவிட்டது. நான்கு வருடம் அவர் 1-ஐ விடவில்லை. இப்போது 2026-க்கு 1 போன வருடச் சாம்பியன் நாரிஸிடம் போய்விட்டதே, சரி, 33 திரும்பி வரும், தொப்பியைத் தூசி தட்டலாம் என்று பார்த்தால் மனிதர் 3 எடுத்துக்கொண்டுவிட்டார்.

"ஒரு 3-ஐப் பிரிச்சு எடுத்துடு, சரியாயிடும்" என்றான் தம்பி. உண்மையாகவே கத்தரிக்கோலை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றைப் பிரித்தால் மீதி 3 நடுவில் நிற்காது, ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்த இடத்தில் ஊசி ஓட்டை வேறு தெரியும்.

அதனால் புதிதாக ஒன்று வாங்குவதாக முடிவு. ஒன்றே ஒன்று. இந்த முறை யோசித்துத்தான் வாங்க வேண்டும். தொப்பியில் எண் மட்டும் இல்லை, அணியின் நிறமும் இருக்கிறது. எண் மாறினாலும் போச்சு, டிரைவர் வேறு அணிக்குப் போனாலும் போச்சு. இரண்டும் நிலைத்து கார் மட்டும் கடைசியில் ஊர்ந்துகொண்டிருந்தால் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகவும் மனசு வராது. ஆகவே மூன்று கேள்வி: எண் நிற்குமா, ஆள் நிற்பாரா, கார் ஓடுமா.

கடைசிக் கேள்விக்கு இந்த வருடம் பதில் சொல்வதுதான் கஷ்டம். விதிகள் தலைகீழாக மாறியிருக்கின்றன. மோட்டாரிலிருந்து வரும் மின்சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டுக்கு ஏறுகிறது, அதாவது காரின் மொத்த சக்தியில் ஏறக்குறைய பாதி பேட்டரி வழியாக வருகிறது. கார் குட்டையாகிறது, ஒல்லியாகிறது, குறைந்தபட்ச எடை 800 கிலோவிலிருந்து 768 கிலோவுக்கு இறங்குகிறது. முந்துவதற்காகப் பின் இறக்கையை மட்டும் திறக்கும் டிஆர்எஸ் கிடையாது, அதற்குப் பதில் முன் இறக்கை பின் இறக்கை இரண்டுமே நேர்ப்பாதையில் படுத்து, திருப்பத்தில் எழுந்து நிற்கும். எஞ்சினும் புதுசு, காரின் உடம்பும் புதுசு, இரண்டும் ஒரே வருடத்தில். போன வருடப் புள்ளிப் பட்டியலை வைத்துக்கொண்டு இந்த வருடம் யார் என்று சொல்கிறவர்களை நான் நம்பமாட்டேன். மார்ச் 8, மெல்போர்னில் முதல் பந்தயம் முடியட்டும் என்று காத்திருக்கலாம்தான், ஆனால் அதற்குள் நல்ல தொப்பியெல்லாம் தீர்ந்துவிடும்.

முதலில் எண் விவகாரம், ஏனென்றால் எனக்குச் சூடு விழுந்தது அங்கேதான். இன்று ஓடும் முறை 2014-இல் வந்தது. டிரைவர் 2-இலிருந்து 99 வரை ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஃபார்முலா ஒன்னில் இருக்கிற வரை அதையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது, 2026-இலிருந்துதான் மாற்றிக்கொள்ள அனுமதி. 1 மட்டும் நடப்புச் சாம்பியனுக்கு, அதுவும் அவர் விரும்பினால். 17 யாருக்கும் கிடையாது, விபத்தில் இறந்த டிரைவர் ழூல் பியாங்கியின் நினைவாக ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஒரு டிரைவர் போய்விட்டால் இரண்டு சீசன் அவர் எண் அவருக்காகக் காத்திருக்கும்.

அதற்கு முன்னால் கதையே வேறு. 1974-க்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் எண் அணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சாம்பியன் இருக்கும் அணி 1, 2 வாங்கிக்கொண்டு தன் பழைய எண்களை, 1-ஐ இழந்த அணியிடம் கொடுத்துவிடும். ஃபெராரி என்றாலே 27 என்று பழைய ரசிகர்கள் உருகுகிறார்களே, அந்த 27 உண்மையில் வில்லியம்ஸ் விட்டுக்கொடுத்தது. 1980-இல் ஆலன் ஜோன்ஸ் வில்லியம்ஸில் சாம்பியன் ஆனதால் 1981-இல் 27, 28 இரண்டும் ஃபெராரிக்கு வந்தன, அதில் ஜில் வில்னவ் ஓட்டியதால் 27 தெய்வம் ஆகிவிட்டது. 1993, 1994 இரண்டு வருடமும் சாம்பியன் களத்திலேயே இல்லை. மான்செல் அமெரிக்கப் பக்கம் போய்விட்டார், அடுத்த வருடம் ப்ராஸ்ட் ஓய்வு. அதனால் 1 போட ஆளில்லாமல் வில்லியம்ஸில் டேமன் ஹில் பூஜ்யம் போட்ட காரில் ஓட்டினார். பூஜ்யம் போட்ட தொப்பி கிடைத்தால் இன்றைக்கும் வாங்குவேன், அது வேறு விஷயம்.

சரி, தொப்பிக்கு வருவோம்.

முதல் ஆசை எல்லாருக்கும் 1-தான். தம்பியும் அதைத்தான் வாங்கச் சொல்கிறான். மெக்லாரன், பப்பாளி நிறம், பளிச்சென்று இருக்கும். நாரிஸ் போன வருடம் 423 புள்ளி, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. கடைசிப் பந்தயம் வரை இழுத்து, அபுதாபியில் மூன்றாவதாக வந்து, இரண்டே புள்ளியில் ஜெயித்தார். அருமை. ஆனால் 1 என்பது வாடகை வீடு. அடுத்த டிசம்பரில் காலி செய்யச் சொன்னால் மறுபடி 4-க்குப் போய்விடுவார், நான் மறுபடி கத்தரிக்கோலோடு உட்கார வேண்டும். ஹாமில்டனுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. 2014-இலிருந்து ஆறு முறை சாம்பியன் ஆகியும் ஒரு சீசன்கூட 1 போட்டு ஓட்டவில்லை, 44-ஐ விடவே இல்லை. பைக் பந்தயத்தில் ரோஸி 46-ஐ விடாததும், மார்க் மார்க்கெஸ் 93-ஐ விடாததும் இதே கணக்குதான். ரசிகன் தொப்பிக்காக யோசிக்கிற மகராசர்கள்.

இன்னொரு சிக்கல், மெக்லாரனில் நாரிஸ், பியாஸ்ட்ரி இரண்டு பேரும் சமம். ஒரே உறையில் இரண்டு கத்தி. இருவரும் போன வருடம் ஆளுக்கு ஏழு பந்தயம் ஜெயித்தார்கள், கார் எல்லாரையும்விட வேகம், ஆனாலும் பட்டம் நூலிழையில்தான் கிடைத்தது. மோன்ஸாவில் நாரிஸுக்கு டயர் மாற்றுவதில் தாமதம் ஆனதும், முன்னால் போய்விட்ட பியாஸ்ட்ரியிடம் இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கத்தாரில் விபத்துக்குப் பிறகு எல்லாரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்தபோது மற்ற அணிகளெல்லாம் டயர் மாற்ற உள்ளே போக, மெக்லாரன் இரண்டு காரையும் வெளியிலேயே விட்டு, ஜெயித்திருக்க வேண்டிய பந்தயத்தை வெர்ஸ்டாப்பனுக்குத் தாரை வார்த்தது. நியாயமாக நடந்துகொள்வதற்கு ஒரு விலை உண்டு, 2007-இல் இதே அணி அதை முழுசாகக் கட்டியிருக்கிறது: ஹாமில்டன் 109, அலோன்சோ 109, பட்டம் வாங்கிக்கொண்டு போன ராய்க்கொனன் 110. எனக்கு மெக்லாரன் பிடிக்கும், இப்படி இரண்டு பேரையும் நம்புகிற அணி பிடிக்கும், ஆனால் 1 வேண்டாம். வாங்குவதானால் 81 வாங்கலாம். பியாஸ்ட்ரி சாம்பியன் ஆனால் 1 போட்டுக்கொள்ளாமல் 81-லேயே இருப்பார் என்று நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது 3. நேர்மையாகச் சொல்கிறேன், கை தானாக இதற்குத்தான் போகிறது. இந்த எண் முன்னால் ரிக்கியார்டோவுடையது. அவர் 2024-இல் போனவர், இரண்டு வருடக் காத்திருப்பு இன்னும் முடியாததால் அவரிடம் சம்மதம் வாங்கித்தான் வெர்ஸ்டாப்பன் எடுத்துக்கொண்டார். 2014 ஞாபகம் இருக்கிறதா? மெர்சிடிஸ் 19 பந்தயத்தில் 16 ஜெயித்த வருடம். மிச்சம் மூன்றையும் ஜெயித்தது ரெட் புல்லில் 3 போட்ட ரிக்கியார்டோ. சக்தி குறைந்த எஞ்சினை வைத்துக்கொண்டு கிடைத்த சந்துகளிலெல்லாம் புகுந்த எண் அது. இந்த வருடமும் அதே வேலைதான் வரப்போகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம், ஏனென்றால் ஹோண்டா போய்விட்டது, ரெட் புல் முதல் முறையாக ஃபோர்டோடு சேர்ந்து சொந்தமாக எஞ்சின் செய்கிறது. கார் வடிவமைப்பாளர் நியூவி போனார், அணித் தலைவர் ஹார்னர் போனார், ஆலோசகர் மார்க்கோவும் போன வருட முடிவில் போய்விட்டார். வீட்டில் பெரியவர்கள் யாருமே இல்லை.

ஆனால் வெர்ஸ்டாப்பன் இருக்கிறார். போன ஆகஸ்ட் கடைசியில், நெதர்லாந்தின் ஜான்ட்வோர்ட் பந்தயம் முடிந்தபோது 104 புள்ளி பின்னால் இருந்தவர், கடைசியில் இரண்டு புள்ளியில்தான் தோற்றார். இப்படிப்பட்ட ஆளை நம்பித் தொப்பி வாங்கலாம். அணியை நம்பி வாங்க முடியுமா என்பதுதான் கேள்வி. ரெட் புல்லின் மொத்தம் 451 புள்ளி, அதில் 421 இவருடையது. இரண்டாவது காரில் சீசன் முழுக்க முப்பது. லாசனை இரண்டே பந்தயத்தில் இறக்கிவிட்டார்கள், வந்த சுனோடாவும் தாங்கவில்லை, இப்போது ஹாஜார் 6 போட்டுக்கொண்டு வருகிறார். ஜான்ட்வோர்ட்டில் மூன்றாவது வந்த பையன், திறமையில் குறையில்லை, ஆனால் அந்த இருக்கை குருவி தலையில் பனங்காய். புதிய விதிகளில் இரண்டு காரும் விஷயம் சேகரித்துக் கொண்டுவந்தால்தான் அணி சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒரே ஆள் ஓட்டுகிற அணி பழகிய காருக்குச் சரி, பழகாத காருக்கு ஆபத்து. கார் சரியில்லை என்றால் வெர்ஸ்டாப்பனே எவ்வளவு நாள் இருப்பார்? அடுத்த வருடம் 3 இருக்கும், நீலம் இருக்குமா?

ஃபெராரி பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 16 லெக்லேர், 44 ஹாமில்டன். எண் நிற்குமா என்றால் 44-ஐ அசைக்க முடியாது, இந்தப் பட்டியலிலேயே உறுதியான எண் அதுதான். லெக்லேர் தனக்கு 7 வேண்டுமென்று ஆசைப்பட்டு, அது ராய்க்கொனனிடம் இருந்ததால் ஒன்றும் ஆறும் கூட்டினால் ஏழு என்று 16-ஐ எடுத்தவர். பிறந்த தேதியும் 16. இந்த அளவுக்குக் கணக்குப் போட்டவர் எண்ணை விடமாட்டார். நிறம்? அந்தச் சிவப்புக்கு எதுவும் ஈடில்லை. கார்? 2007-க்குப் பிறகு டிரைவர் பட்டம் இல்லை, 2008-க்குப் பிறகு அணிப் பட்டமும் இல்லை. போன வருடம் ஹாமில்டன் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் முதல் மூவர் ஏறும் போடியத்தில் ஒருமுறைகூட ஏறவில்லை, அவருக்கு 41 வயது ஆகிவிட்டது. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம், 105 வெற்றி கண்ட யானைதான். புதுக் கார் அவருக்கு ஒத்துவரவும் வரலாம். ஆனால் 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று வருடா வருடம் சொல்கிற கூட்டத்தில் சேர எனக்குத் தெம்பு இல்லை.

14-ஐ நினைத்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அலோன்சோ 14 வயதில், ஜூலை 14-ஆம் தேதி, 14-ஆம் எண் போட்ட கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டியில் ஜெயித்ததால் எடுத்த எண். ஆஸ்டன் மார்ட்டினில் இப்போது நியூவி காரை வரைகிறார், ஹோண்டா இந்த ஒரே அணிக்குத்தான் எஞ்சின் தருகிறது. கேட்கும்போது கனவு மாதிரி இருக்கிறது. ஆனால் அலோன்சோவும் புதிதாக வரும் ஹோண்டாவும் சேர்ந்த பழைய கதை 2015, அந்த வருடம் மெக்லாரன் 27 புள்ளியோடு ஒன்பதாவது. ஹோண்டாவின் சொந்தப் பந்தயத்தடமான சுசுகாவிலேயே இது கீழ்ப் பிரிவு எஞ்சின் என்று அவர் ரேடியோவில் கத்தினார். ஜூலையில் அவருக்கு 45 ஆகிறது, ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. கடைசியாக ஜெயித்தது 2013. இது நினைவுக்கு வாங்கி வைக்கிற தொப்பி, போட்டுக்கொள்கிற தொப்பி இல்லை. இன்னொரு காரில் 18, ஸ்ட்ரோல். அதை யாரும் கேட்கப் போவதில்லை.

புது வரவுகள் இரண்டு. ஆடி என்பது சாபர் அணியின் புதுப்பெயர், எஞ்சினும் ஆடியே செய்கிறது. 27 ஹுல்கன்பர்க், 5 போர்ட்டொலெட்டோ. ஆமாம், அதே 27, ஆனால் இவர் எடுத்தது ஃபெராரிப் பாசத்தில் இல்லை, பிறந்தநாள் ஆகஸ்ட் 19, எட்டும் பத்தொன்பதும் கூட்டினால் 27. போன வருடம் சில்வர்ஸ்டோன் மழையில், 239-ஆவது பந்தயத்தில், முதல் போடியம் ஏறியவர், அன்றைக்கு அழாதவன் கல். ஒரு மூத்தவர், ஒரு இளையவர், நிதானமான ஜோடி. ஆனால் முதல் எஞ்சினே இதுதான். இரண்டு மூன்று வருடம் கழித்துப் பார்க்க வேண்டிய அணி.

காடிலாக் பதினோராவது அணி, அதனால் இனி வரிசையில் 22 கார். 11 பெரெஸ், 77 போட்டாஸ். இருவருக்கும் சேர்த்து 16 வெற்றி, இருவருமே போன வருடம் பந்தயம் ஓட்டவில்லை. புது அணிக்குப் புதுமுகம் வேண்டாம், கார் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் போதும் என்று எடுத்திருக்கிறார்கள், சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 2010-இல் வந்த மூன்று அணிகள் என்ன ஆயின என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கருண் சந்தோக்கும் அப்புறம் நரேன் கார்த்திகேயனும் அதில் ஒன்றான எச்ஆர்டி அணியில் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள்தானே நாம். அந்த மூன்றில் புள்ளி என்று ஒன்றைக் கண்டது ஒரே ஒரு அணி, அதுவும் நாலு வருடம் கழித்து, 2014 மொனாக்கோவில், பியாங்கி ஓட்டி. மாறாக 2016-இல் வந்த ஹாஸ் முதல் பந்தயத்திலேயே ஆறாவது. வித்தியாசம் என்னவென்றால் ஹாஸ் ஃபெராரியிடம் எஞ்சினோடு விதி அனுமதித்த மற்ற பாகங்களையும் வாங்கிக்கொண்டது. காடிலாக்கும் ஃபெராரி எஞ்சின்தான், ஆனால் காரைத் தானே செய்கிறது. இந்த வருடம் பத்தாவது வந்தாலே வெற்றி. 77 தொப்பிக்கு மட்டும் ஒரு அழகு உண்டு, போட்டாஸ் தன் பெயரிலேயே நடுவில் இரண்டு ஏழைச் சொருகி எழுதுவார்.

நடுவில் இருப்பவர்களைச் சீக்கிரம் முடிக்கிறேன். வில்லியம்ஸ் போன வருடம் ஐந்தாவது, 23 ஆல்பன், 55 சைன்ஸ், பட்டியலிலேயே சமமான நல்ல ஜோடிகளில் ஒன்று. மெர்சிடிஸ் எஞ்சின் நன்றாக வந்தால் இவர்களுக்கும் யோகம். அல்பைனும் இப்போது மெர்சிடிஸ் எஞ்சினுக்கு வந்துவிட்டது, 10 கஸ்லி, 43 கொலப்பின்டோ, போன வருடம் 22 புள்ளியோடு கடைசி, இனி கீழே போக இடமில்லை. ஹாஸில் 31 ஒக்கான், 87 பேர்மேன், இதில் 87-ஐக் கவனித்துக்கொள்ளுங்கள், மெக்சிகோவில் நாலாவது வந்த பையன், ஃபெராரி எப்போது வேண்டுமானாலும் கூப்பிடும், அப்போது தொப்பி நிறம் மாறும். ரேசிங் புல்ஸில் 30 லாசன், 41 லிண்ட்பிளாட். 22 பேரில் முழுப் புதுமுகம் இவர் ஒருவர்தான். அங்கே யாரும் நிரந்தரம் இல்லை, நன்றாக ஓட்டினால் மேலே, இல்லாவிட்டால் வெளியே. தொப்பி வாங்க ஆகாத அணி அதுதான்.

மிச்சம் மெர்சிடிஸ். 63 ரஸ்ஸல், 12 ஆன்டனெல்லி. எனக்கு இந்த அணி மேல் பெரிய பாசம் கிடையாது, 2021-இல் ஹாமில்டன் ஓட்டியது இவர்கள் காரைத்தான், மறப்பேனா. ஆனால் மூன்று கேள்விக்கும் ஓரளவு பதில் வருகிற இடம் இதுதான். புது எஞ்சின் விதி வந்த 2014-இல் என்ன செய்தார்கள் என்று மேலேயே சொன்னேன். அந்த வருடம் வில்லியம்ஸிடமும் மெக்லாரனிடமும் அதே எஞ்சின்தான் இருந்தது, ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. எஞ்சினும் காரும் ஒரே கூரைக்குள் பேசி வளர்ந்தால் வருகிற லாபம் அது. பின்னாளில் மெக்லாரன் வாங்கின எஞ்சினை வைத்தே மெர்சிடிஸை அடித்தது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அதற்குள் அந்த எஞ்சின் பத்து வருடம் பழையது. முதல் வருடம் என்றால் செய்கிறவன் கைதான் மேலே.

ஜோடியும் சரியாக இருக்கிறது. மெக்லாரன் மாதிரி முட்டிக்கொள்ளவும் இல்லை, ரெட் புல் மாதிரி ஒற்றைக்கால் நாற்காலியும் இல்லை. ரஸ்ஸல் போன வருடம் 319 புள்ளி, கனடாவும் சிங்கப்பூரும் ஜெயித்தார், எந்தக் காரைக் கொடுத்தாலும் அதன் அளவுக்கு ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்துவார். புத்தியோடு வாங்குகிறவர்கள் 63 வாங்குங்கள். இந்த வருடம் பட்டம் யாருக்கு என்று என் கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டால் ரஸ்ஸல் என்றுதான் சொல்வேன். அவர் ஜெயித்து 1 போட்டுக்கொண்டால் நீங்களும் என்னோடு வந்து உட்காருங்கள், கத்தரிக்கோல் ஒன்றுதான் இருக்கிறது.

நான் 12 வாங்கப் போகிறேன். ஆன்டனெல்லிக்கு இன்னும் இருபது ஆகவில்லை. போன வருடம் கனடாவில் மூன்றாவது வந்தார், அதற்கப்புறம் ஐரோப்பாவில் ஒரு மாதிரி தொலைந்தே போனார், ஆஸ்திரியாவில் முதல் சுற்றிலேயே வெர்ஸ்டாப்பனை இடித்து இருவரும் வெளியே, நான் திட்டாத திட்டு இல்லை. ஆனால் நவம்பரில் பிரேசிலில் இரண்டாவது வந்தபோது பின்னால் அதே வெர்ஸ்டாப்பன் கடைசிச் சுற்றுகளில் நெருங்கி நெருங்கி வர, பையன் அசையவே இல்லை. ஸ்டியரிங்கில் ஒரு பதற்றம், ஒரு திருத்தல் இல்லை. அன்றைக்கே என் தொப்பி மனசுக்குள் மாறிவிட்டது, இத்தனை கணக்கும் அதற்கு அப்புறம் போட்டதுதான். உடனே சாம்பியன் ஆகமாட்டார், அதுவும் எனக்கு வசதி, 12 நாலைந்து வருடம் தாங்கும்.

தம்பிக்கு இன்னும் ஒப்பவில்லை. டிவியில் எண்ணே கண்ணுக்குத் தெரிவதில்லை, எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்கிறான். அது உண்மை, விளம்பரத்துக்கு நடுவில் எண்ணைத் தேட வேண்டியிருக்கிறது. டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் கேமராப் பெட்டியைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடிப்பேன், அணியில் ஒரு காருக்குக் கறுப்பு, இன்னொரு காருக்கு மஞ்சள். அவன் கடைசியில் நாரிஸின் பழைய 4 போட்ட தொப்பி ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கிக்கொண்டான். 1 போனதும் இது திரும்பி வரும், அதுவரை பெட்டிக்குள் இருக்கட்டுமாம்.